பாலைவனத்து நாணற் பாத்திகளும் ஆலைக் கழிவு நீரும்

ஆலைகளும் சுரங்கங்களும் எண்ணெய்க் கிணறுகளும் பெருகப் பெருக, அவற்றினின்று வெளிப்படும் கழிவு நீரை எங்கே விடுவது என்னும் வினா எல்லா நாடுகளிலும் எழுந்துள்ளது. ஆறு ஓடும் நாடுகளில் அந்நீரை ஆற்றிலே விட்டுவிடும் வழக்கம் ஏற்பட்டு, அதனால் கீழ்ப்பாசனக் குடியானவர்கள் படும் இன்னல் யாவரும் அறிந்ததே. ஆறே இல்லாத பாலைவனத்தில் அவ்வழியும் இல்லை. அரபு தீபகற்பத்தின் தென்கிழக்கில் உள்ள ஓமான் தேசத்தில், எண்ணெய் கலந்த கழிவு நீரை நாணல் வளர்ந்த பாத்திகளினூடே செலுத்தித் தெளியவைக்கும் முறை மிகப் பெரிய அளவில் கையாளப்பட்டு வருகிறது. அம்முறையால் ஆவது இன்னது, ஆகாதது இன்னது என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், சுத்தம் செய்யப்பட்ட நீர் என்று சொல்லி வயலுக்குத் தரப்படும் ஆலை நீரை ஏற்பதா, மறுப்பதா என்னும் கேள்வி முடிவில் அவர்களிடமே வந்து சேர்கிறது.

எண்ணெயுடன் வரும் நீர்

ஓமானின் உட்பகுதியில், தலைநகராகிய மஸ்கட்டினின்று தென்மேற்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவில், நிம்ர் என்னும் எண்ணெய் வயல் உள்ளது. அங்கே மழை மிக அருமை. கோடையில் வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் ஏறும். திறந்த வெளியில் தேங்கிய நீர் ஆண்டொன்றுக்கு 2 மீட்டர் ஆழத்திற்கு மேல் ஆவியாகிப் போகும். பயிரும் குடியிருப்பும் இல்லாத பரந்த கற்பாலை அது.

அவ்வயலின் எண்ணெய் கனத்தது, பிசுபிசுப்பு மிக்கது. அதனை நிலத்தினின்று மேலே கொணரும்போது அதனுடன் பெருமளவில் நீரும் வெளிப்படும். எண்ணெய் ஒரு பீப்பாய் என்றால், நீர் ஏறத்தாழ 10 பீப்பாய் வரும். எண்ணெய்க் கிணறு எனப்படுவது உண்மையில் உவர்நீர்க் கிணறே என்று சொல்லும்படி இருக்கிறது. எண்ணெயைப் பிரித்தெடுத்த பின்னும் அந்நீரில் லிட்டர் ஒன்றுக்குச் சில நூறு மில்லிகிராம் எண்ணெய் நுண்துளிகளாகக் கலந்து நிற்கும். அதனுடன் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 7 கிராம் உப்பும் கரைந்துள்ளது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே இது கடல்நீரில் ஐந்தில் ஒரு பங்கு உவர்ப்புடையது எனலாம்.

முற்காலத்தில் இந்நீரை நிலத்தினுள்ளேயே திருப்பிச் செலுத்தி வந்தார்கள். ஆழம் குறைந்த அடுக்குகளில் செலுத்தினால் நிலத்தடி நீர் கெடும் என்பதால் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. பிறகு ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ள அடுக்குகளுக்குள் பெரும் அழுத்தத்துடன் பம்பு செய்தார்கள். அதற்கு ஆன மின்விசைச் செலவு சிறிதன்று. ஒவ்வொரு பீப்பாய் எண்ணெய்க்கும் 10 பீப்பாய் நீரை மேலே ஏற்றி, மீண்டும் கீழே அழுத்துவதென்றால், அச்செலவைப் பொறுக்க வேறு வழி தேடுவது இயல்பே.

நாணலின் இயல்பு

குளத்தோரத்திலும் ஏரியின் வால்புறத்திலும் நாணலும் கோரையும் அடர்ந்த இடத்தில் நீர் தெளிந்து நிற்பதை நம் குடியானவர்கள் வழிவழியாகக் கண்டு வந்திருக்கிறார்கள். அவ்வியல்பை ஆராய்ச்சி முறையில் முதன்முதல் சோதித்தவர்களுள் ஜெர்மனி தேசத்துக் கேத்தே சைடல் அம்மையார் முக்கியமானவர். 1950-களில் அவர் நீர்ச்செடிகளைக் கொண்டு கழிவு நீரைத் தெளியவைக்கும் சோதனைகளை நடத்தினார். பிறகு ரைன்ஹோல்ட் கிக்குத் என்பார் அதனை வளர்த்து, வேர்மண்டல முறை என்னும் பெயரால் பரப்பினார். அம்முறைப்படி 1974-ல் ஜெர்மனியில் ஒத்பிரேசன் என்னும் ஊரின் சாக்கடை நீருக்கு நாணற் பாத்தி அமைக்கப்பட்டது. அது முதல் ஐரோப்பாவிலும் பிற கண்டங்களிலும் இவ்வகைச் செயற்கைச் சதுப்பு நிலங்கள் பல்கின.

நாணலின் தண்டு உள்ளே காற்றறைகள் நிறைந்தது. நெற்பயிரைப் போலவே அது இலை வழியாகக் காற்றை இழுத்துச் சேற்றில் புதைந்த வேர்வரை கொண்டுசெல்லும். அதனால் வேரைச் சூழ்ந்த இடம் காற்றுள்ள இடமாகவும், சற்றுத் தள்ளிய சேறு காற்றற்ற இடமாகவும் அமையும். இவ்விரு வகை இடங்களிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடானுகோடி குடிபுகும். நீரில் மூழ்கிய தண்டுகளும் உதிர்ந்து கிடக்கும் சருகுகளும் அவற்றுக்கு மேலும் இடம் தரும். அழுகும் பொருள்களையும் எண்ணெயையும் உண்டு சிதைப்பவை இந்நுண்ணுயிர்களே. நாணல் அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது என்பதே சரியான கூற்று. இதனுடன் நீரின் வேகத்தை அது தணிப்பதால் மிதப்பனவும் கலங்கலும் அடியிற் படிகின்றன. ஆவியாகக் கூடிய எண்ணெய்ப் பகுதிகள் வெயிலிலும் காற்றிலும் நீங்குகின்றன.

பாத்திகளின் அமைப்பு

நிம்ரில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் சிறு அளவில் நாணற் பாத்திச் சோதனைகள் நடத்தப்பட்டன. உவர்ப்பும் வெயிலும் எண்ணெயும் ஒருங்கே தாக்கிய போதிலும் நாணல் பிழைத்து வளர்ந்தது. அதன்மேல், எண்ணெய் வயலை நடத்தும் பெட்ரோலியம் டெவலப்மெண்ட் ஓமான் கம்பெனியார், ஜெர்மனியைச் சேர்ந்த பௌவர் கம்பெனியாருடன் ஒப்பந்தம் செய்து பெரிய அமைப்பை ஏற்படுத்தினார்கள். அது 2011-ல் நாளொன்றுக்கு 45,000 கன மீட்டர் நீரை ஏற்கும் அளவில் நடைபெற்றது. பிறகு அவ்வளவு 95,000 ஆகவும், அதற்குப் பின் 1,15,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. மேலும் விரிவு பிற்பாடும் நடந்தது. 1,15,000 கன மீட்டர் நிலையில் நாணற் பாத்திகளின் பரப்பு 360 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 890 ஏக்கர்.

இவ்வமைப்பு மூன்று படிகளாக உள்ளது.

முதற்படியில் நீரைச் சுழலவிட்டும் மேலே மிதப்பதை வடித்தும் எண்ணெயின் பெரும்பகுதியைப் பிரிக்கிறார்கள். இவ்வாறு மீட்ட எண்ணெய் விற்பனைக்குரிய பொருளாகும். இப்படி இல்லாமல் எண்ணெயை அப்படியே பாத்தியில் விட்டால், அது தண்டுகளையும் மண்ணையும் மூடிக் காற்றை அடைத்து நாணலைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் படி நாணற் பாத்திகள். நிலத்தின் சரிவை அனுசரித்து, மேட்டினின்று பள்ளத்திற்குப் படிப்படியாகப் பாத்திகள் அமைக்கப்பட்டுள்ளன. மேற்பாத்தியின் நீர் தானாகவே கீழ்ப்பாத்திக்கு வழியும். இடையில் பம்பு இல்லை. நீர் கீழே கசியாதிருக்கும் பொருட்டு, அவ்விடத்து நுண்மண்ணையே இறுகத் திணித்துப் பாத்திகளின் அடியைக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். பல லட்சம் நாணற் செடிகள் நடப்பட்டன. மலைச்சரிவில் படிக்கட்டு வயல் அமைத்து மேல்மடை நீரைக் கீழ்மடைக்கு விடும் உழவர்களுக்கு இவ்வேலையில் புதுமை ஒன்றும் தோன்றாது.

மூன்றாம் படி ஆவியாகும் குளங்கள். பாத்திகளைக் கடந்த நீர், 500 ஹெக்டேர் பரப்புள்ள ஆழமற்ற குளங்களில் பரவி வெயிலில் வற்றுகிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உள்ள உப்பளங்களைக் கண்டவர்களுக்கு இதன் தோற்றத்தை விளக்க வேண்டுவதில்லை.

கண்ட பயன்

எண்ணெயைப் பொறுத்த மட்டில் பயன் கண்கூடானது. உள்ளே வரும்போது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராமாக இருந்த எண்ணெய், பாத்திகளின் கடைமடையில் அரை மில்லிகிராமுக்கும் குறைந்துவிடுகிறது. ஆழ்ந்த நிலத்தினுள் நீரை அழுத்துவதற்கு ஆகும் மின்விசையின் மிகச் சிறு பகுதியே இவ்வமைப்புக்குப் போதுமானது. ஏனெனில் நீரை நடத்துவது நிலத்தின் சரிவு. வற்றச் செய்வது வெயில். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பருவந்தோறும் பறந்து செல்லும் நீர்ப்பறவைகள் இப்பாத்திகளைத் தங்குமிடமாகக் கொண்டுள்ளன. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பறவை வகைகள் கண்டு குறிக்கப்பட்டுள்ளன. ஒரு துளி நீரும் இல்லாதிருந்த இடத்தில் இவ்வளவும் நேர்ந்தது வியக்கத்தக்கதே.

ஆயினும் வியப்புடன் நின்றுவிடலாகாது. இவ்வமைப்பின் உண்மையான பாடம் இனிமேல்தான் இருக்கிறது.

உப்பின் கணக்கு

நாணலும் நுண்ணுயிரும் எண்ணெயை உண்ணும், அழுகற் பொருளை உண்ணும், உப்பை உண்ணா. கரைந்த உப்பு நெருப்பிலும் வேகாது, கிருமியாலும் சிதையாது. நாணல் தன் உடலில் ஏற்றுக்கொள்ளும் உப்பு, வரும் உப்போடு ஒப்பிட அற்பமானது. ஆகவே மேல்மடையில் புகுந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் கடைமடையில் வெளிவரும்.

அதுமட்டுமன்று. பாத்தியில் நிற்கும் போது நீரின் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிறது. இன்னொரு பகுதியை நாணல் உறிஞ்சி இலை வழியே விடுகிறது. நீர் குறைய, உப்பு அப்படியே நிற்கிறது. அடுப்பில் வற்றும் குழம்பில் உப்பு மிகுவது போல, பாத்தியின் கடைமடை நீர் மேல்மடை நீரைவிட உவர்ப்பு மிகுந்ததாகவே இருக்கும். பார்வைக்குப் பளிங்கு போலத் தெளிந்த நீர், பயிருக்கு முன்னிலும் கொடியதாக இருத்தல் கூடும் என்பது இதனால் விளங்கும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு இதன் பெருமை புலப்படும். கன மீட்டர் ஒன்றுக்கு 7 கிலோ உப்பு என்று கொண்டால், 1,15,000 கன மீட்டர் நீரில் நாள்தோறும் 800 டன்னுக்கு மேற்பட்ட உப்பு வருகிறது. எண்ணெய்க்கு நாணல் விடை சொல்கிறது. இந்த 800 டன் உப்புக்கு விடை சொல்வது நாணலன்று. 500 ஹெக்டேர் வெற்றுநிலமும் பாலைவன வெயிலுமே. பாத்தியும் குளமும் சேர்ந்து 860 ஹெக்டேர், அதாவது 2,100 ஏக்கருக்கு மேல் ஆகிறது. பயிரிடாத நிலமும், மழையற்ற வானமும், தீராத வெயிலும் ஒருங்கே வாய்த்த பாலைவனத்தில்தான் இம்முறை இவ்வளவில் நிறைவு பெறும்.

வயலுக்கு ஆகுமா?

நிம்ரில் பாத்திகளைக் கடந்த நீரைக் கொண்டு உவர் தாங்கும் மரம் செடிகளை வளர்த்துப் பார்க்கும் சோதனைகளும் நடந்துள்ளன. அவை சோதனை அளவில் நிற்க, நீரின் பெரும்பகுதி ஆவிக் குளங்களுக்கே செல்கிறது. காரணம் எளிதில் விளங்கும்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தார் 1985-ல் வெளியிட்ட பாசன நீர் வரையறையின்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைந்த உப்புள்ள நீர் தடையின்றிப் பாய்ச்சத் தக்கது. 2,000 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். நிம்ர் நீரோ பாத்தியில் புகும்போதே 7,000 மில்லிகிராம் அளவில் உள்ளது. இத்தகைய நீரை 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு தண்ணீர் பாய்ச்சினால், ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 1,400 கிலோ உப்பை வயலில் கொட்டியதற்குச் சமம். பத்துத் தண்ணீருக்கு 14 டன். மழையும் வடிகாலும் அதனைக் கழுவி வெளியேற்றாவிடில், நல்ல நிலம் சில போகங்களிலேயே உவராகிவிடும்.

உப்பின் வகையும் கவனிக்கத் தக்கது. சோடிய உப்பு மிகுந்து சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீர், களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைத்து இறுகச் செய்யும். பிறகு நீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சுவிடாது. நம் நாட்டில் களர் என்று சொல்லப்படும் நிலம் இவ்வகையினதே. அதனைத் திருத்த ஜிப்ஸம் இட்டு, நல்ல நீர் தேக்கி, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். செலவும் காலமும் பிடிக்கும் வேலை அது. எண்ணெய் வயல் நீரில் போரான் என்னும் பொருளும் உண்டு. அது பயிருக்கு மிகச் சிறிதளவு வேண்டுவது. அளவு மிஞ்சினால் நஞ்சாவது. மேற்கூறிய வரையறையின்படி லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்பட்ட போரான் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. அதனையும் நாணற் பாத்தி நம்பத்தக்க அளவில் நீக்குவதில்லை.

நொய்யல் தரும் சான்று

உப்பைக் கணக்கில் கொள்ளாததன் விளைவைப் பாலைவனம் சென்று காண வேண்டியதில்லை. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காகச் சாயப்பட்டறைகளில் உப்பைப் பெருமளவில் சேர்க்கிறார்கள். அவ்வுப்பு நூலில் தங்காமல் கழிவு நீரில் கலந்து வெளிவரும். நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்திற்கென 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் இத்தகைய நீர் வந்து தேங்கி, அணையின் நோக்கமே கெட்டது. கீழ்ப்பாசன நிலங்களும் கிணறுகளும் உவர்த்தன. குடியானவர்கள் நெடுங்காலம் வழக்காடிய பின், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவு நீரைச் சிறிதும் வெளியே விடாத ஏற்பாட்டை நிறைவேற்றும் வரை திருப்பூர் வட்டாரத்துச் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. சவ்வுகளின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிப்பதும், எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்குவதும் அவ்வேற்பாட்டின் பகுதிகள். சாயநீரின் நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு குறைக்க நாணற் பாத்தி உதவலாம். ஆனால் நொய்யலைக் கெடுத்தது நிறமன்று, உப்பு. அதற்கு நாணல் மருந்தாகாது.

மற்றொரு புறம், ஊர்ச் சாக்கடை நீர், ஜவ்வரிசி ஆலை நீர், புழுங்கலரிசி ஆலைகளில் நெல் ஊறவைத்த நீர் முதலியவற்றில் மிகுதியாக உள்ளவை அழுகும் பொருள்களே. முதலில் படியவைத்து, புளிப்பு மிகுந்திருந்தால் அதனையும் தணித்து, பிறகு தகுந்த பரப்புள்ள நாணற் பாத்தியில் செலுத்தினால், குறைந்த செலவில் நல்ல பயன் பெறலாம். நோய்க்கு ஏற்ற மருந்து என்பது நீருக்கும் பொருந்தும்.

கேட்டறிய வேண்டியவை

ஆலைக் கழிவு நீர் எம்முறையில் தெளியவைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டாலும், அதனை வாய்க்காலிலோ வயலிலோ ஏற்பதற்கு முன் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் பின்வருவனவற்றைத் தவறாமல் கேட்டறிதல் வேண்டும்.

1. கழிவில் உள்ளது அழுகும் பொருளா, எண்ணெயா, உப்பா, உலோகமா? முன்னிரண்டும் நாணலால் பெரிதும் நீங்கும். உப்பு நீங்காது. குரோமியம் போன்ற உலோகங்கள் சேற்றிலும் வேரிலும் தங்கிச் சேரும். ஆதலின் அத்தகைய பாத்தியின் புல்லை மாட்டுக்குப் போடலாகாது. சேற்றை வயலுக்கு எருவாக இடலாகாது.

2. உப்பு எங்கே போகிறது? நீர் எவ்வளவு தெளிந்தது என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை இல்லையாயின், அவ்வுப்பு யாரோ ஒருவருடைய நிலத்திலோ கிணற்றிலோ சென்று சேர்கிறது என்று கொள்க.

3. பாத்தியின் அடியும் குளத்தின் அடியும் கசியாதபடி கெட்டிப்படுத்தப்பட்டுள்ளனவா? அருகிலுள்ள கிணற்று நீரை, பாத்தி ஏற்படுவதற்கு முன்னும், பின் ஆண்டுதோறும் பரிசோதித்து, அவ்வளவுகளைக் கிராமத்தில் எழுதி வைத்தல் நன்று. முன்னளவு இல்லாவிடில் பின்னர் நேர்ந்த கேட்டை மெய்ப்பிப்பது அரிது.

4. மழைக்காலத்தில் என்ன ஆகும்? பாலைவனத்தில் குளம் உடைவதற்கு மழை இல்லை. பருவமழை பெய்யும் நாட்டில், ஓராண்டு சேர்ந்த உவர்நீர் ஒரே நாள் மழையில் கரை புரண்டு கீழ்மடைக்கு வரக்கூடும். கரையின் உயரமும் வெள்ளநீர் ஒதுங்கும் வழியும் முன்னதாகவே பார்க்கப்பட வேண்டும்.

5. நீரின் பரிசோதனைச் சீட்டு உண்டா? மொத்த உப்பின் அளவு, சோடியத்தின் விகிதம், போரான் ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். விவசாய இலாகாவின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரின் உவர்ப்பைப் பரிசோதித்துக் கொள்ளலாம். கண்ணால் பார்த்தும் நாவால் சுவைத்தும் முடிவு செய்வது போதாது.

நிம்ர் பாலைவனத்து நாணல், மனிதனின் பெருஞ்செலவுள்ள யந்திரங்கள் செய்த வேலையைச் சரிவையும் வெயிலையும் துணைக்கொண்டு செய்து காட்டியிருக்கிறது. அதே நாணல், தன்னால் இயலாததையும் ஒளிக்காமல் காட்டியிருக்கிறது. எண்ணெய் நீங்கிய இடத்தில் உப்பு நிற்கிறது. அவ்வுப்பை ஏற்க அங்கே 500 ஹெக்டேர் பாலை ஒதுக்கப்பட்டுள்ளது. நன்செய்யும் புன்செய்யும் நெருங்கிய நாட்டில் அவ்வாறு ஒதுக்கத் தக்க பாழ்நிலம் ஏது என்பதைச் சிந்தித்துப் பார்த்து, நீரை வாங்கும் முன் அதன் உப்பைக் கணக்கிடுவது ஒவ்வொரு விவசாயியின் கடமையாகும்.